எஸ்பிஎம் முடிவுகளை ஃப்ரீசர்ஃபர் மேற்பரப்பில் ஏற்றிக் குழு ஆய்வு: எந்த இடத்தில் இணைப்பது?

உம்கேனி (டர்பன்)

வணக்கம். 44 பேர், இரண்டு குழு (23, 21). 3 டெஸ்லா ஸ்கேனர், டி1 (உடற்கூறு) படம் 1 மி.மீ., எஃப்எம்ஆர்ஐ (செயல்பாட்டுப் படம்) 3 மி.மீ. வாக்ஸல், ஒரே பணி, இரண்டு ரன். முதல்நிலை (ஆள்வாரி) ஆய்வு எஸ்பிஎம்12 என்ற மூளைப்பட மென்பொருளில் முடிந்திருக்கிறது: எம்என்ஐ (பொது வார்ப்புரு மூளை) வெளிக்கு நார்மலைஸ் செய்து, 8 மி.மீ. ஸ்மூதிங் கொடுத்து, ஆளுக்கு ஒரு கான் (விளைவு அளவு) படம். டி1-லிருந்து புறணி மேற்பரப்பைக் கட்டும் ஃப்ரீசர்ஃபர் கட்டளையான ரீகான்-ஆல் (7.4.1) எல்லாருக்கும் ஓடிவிட்டது.

புறணித் தடிமனையும் பணிச் செயல்பாட்டையும் ஒரே மேற்பரப்பில் வைத்து இரு குழுக்களை ஒப்பிட வேண்டும். வயது இணைமாறி. கான் படங்களை எம்ஆர்ஐ_வால்2சர்ஃப்-ல் எம்என்ஐ152ரெக் விருப்பத்தோடு நேராக எஃப்எஸ்ஆவரேஜுக்கு (ஃப்ரீசர்ஃபரின் சராசரி மேற்பரப்பு) அனுப்பிப் பார்த்தேன். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் சில்வியன் பள்ளத்தில் மேல்கரை, கீழ்கரை இரண்டிலும் ஒரே அளவு செயல்பாடு தெரிகிறது. பணி கேட்டல் சார்ந்தது, கீழ்கரையில் மட்டும் வர வேண்டும். இந்த வழியே தவறா, அல்லது ஏதாவது விருப்பம் விட்டுப்போயிருக்கிறதா?

மேசைமலை (கேப் டவுன்)

வழியே தவறு. விருப்பங்களை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

புறணியின் தடிமன் இடத்துக்கு இடம் 1 முதல் 4.5 மி.மீ. வரை, சராசரி 2.5 மி.மீ. அளவு. பள்ளத்தின் இரு கரைகளும் நேர்க்கோட்டில் சில மி.மீ. தள்ளித்தான் இருக்கின்றன, மேற்பரப்பின் வழியே நடந்தால் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பல செ.மீ. இருக்கும். 8 மி.மீ. ஸ்மூதிங்கை முப்பரிமாணத்தில் கொடுத்த கணத்திலேயே கீழ்கரையின் சிக்னல் மேல்கரையில் கலந்துவிட்டது. கலந்ததை அதன்பின் எந்தக் கருவியும் பிரிக்காது. மேற்பரப்பு ஆய்வின் பெரிய பலனே இந்தக் கலப்பைத் தவிர்ப்பதுதான்.

எம்என்ஐ நார்மலைசேஷன் இரண்டாவது சிக்கல். வால்யூம் வழியில் பொருத்தும்போது ஒவ்வொருவரின் மடிப்புகளும் வார்ப்புருவின் மடிப்புகளோடு அரைகுறையாகத்தான் ஒட்டும். அந்தப் படத்தை எஃப்எஸ்ஆவரேஜ் மேல் விரித்தால், அந்த ஆளின் ரீகான்-ஆல் கண்டுபிடித்த மடிப்புப் பொருத்தம் (ஸ்ஃபியர்.ரெக் கோப்பு) கணக்கிலேயே வராது. ரீகான்-ஆல் ஓட்டியதன் பயன் அங்கே வீணாகிறது. எம்என்ஐ152ரெக் விருப்பம், ஏற்கெனவே வெளியான குழு வரைபடம் ஒன்றை மேற்பரப்பில் காட்டிப் பார்க்க உதவும். புள்ளியியலுக்கு உள்ளீடாக அதைப் பயன்படுத்தக்கூடாது.

செய்ய வேண்டியது: எஸ்பிஎம்-லேயே முதல்நிலையைத் திரும்ப ஓட்டுங்கள், ஆனால் நார்மலைசும் ஸ்மூதிங்கும் இல்லாமல், ஆளின் சொந்த வெளியில். ரீஅலைன் (தேவையென்றால் ஸ்லைஸ் டைமிங்கும்), உடனே மாடல். மாடலின் அணி முன்பு இருந்ததேதான், மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. கிடைக்கும் கான் படத்தைச் சராசரி எஃப்எம்ஆர்ஐ படத்தின் பொருத்தத்தைக் கொண்டு மேற்பரப்புக்கு ஏற்றுங்கள்.

இங்கே மூன்று இடங்களில் கவனம்.

பொருத்தத்துக்கு பிபிரெஜிஸ்டர் என்ற ஃப்ரீசர்ஃபர் கட்டளை. எஸ்பிஎம் ரீஅலைன் எழுதும் 'மீன்' படத்தை நகரும் படமாகக் கொடுங்கள். மாறுபாட்டு வகை போல்ட் (எஃப்எம்ஆர்ஐ சிக்னலின் வகை). இது வெண்பொருள் எல்லையைப் பிடித்துப் பொருத்துவதால் இரு மாறுபாட்டுப் படங்களுக்கிடையே சாதாரணக் கோரெஜிஸ்டரைவிட நம்பகமானது. ஓடி முடிந்ததும் மின்காஸ்ட் கோப்பின் முதல் எண்ணைப் பாருங்கள்: 0 பக்கம் நல்லது, 1 பக்கம் மோசம். 44 பேருக்கும் அந்த எண்ணை ஒரே பட்டியலில் போட்டு, கூட்டத்திலிருந்து விலகி நிற்பவர்களை ஃப்ரீவியூவில் வெண்பொருள் கோடு மேலேற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் ஒவ்வொருவரையும் ஒரு முறையாவது பார்த்துவிடுவதே என் வழக்கம்.

அடுத்தது ஹெடர் (படக் கோப்பின் இடத் தகவல்). எஸ்பிஎம்-ல் டி1 படத்தின் மூலப்புள்ளியை ஏசி (முன் இணைப்பு) என்ற மூளை அடையாளத்தில் வைத்தாலோ கோரெஜிஸ்டர் செய்தாலோ அது படத்தின் ஹெடரைத்தான் மாற்றி எழுதுகிறது. அதற்கு முன்பே அந்த டி1-லிருந்து ரீகான்-ஆல் ஓடியிருந்தால், ஃப்ரீசர்ஃபரிடம் இருப்பது பழைய ஆயம். அந்த நிலையில் வால்2சர்ஃப்-ல் ரெக்ஹெடர் விருப்பம் கொடுத்தால் சில செ.மீ. வரைகூட நகர்ந்து விழும், எச்சரிக்கை எதுவும் வராது. பிபிரெஜிஸ்டரின் பொருத்தக் கோப்பைத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது 'நான்' (NaN, எண் அல்லாத) மதிப்புகள். எஸ்பிஎம் தன் முகமூடிக்கு வெளியே நான் என்று எழுதும். ட்ரைலீனியர் இடைக்கணிப்பில் ஒரு நான் பக்கத்து முனைகளையும் (மேற்பரப்பு வலையின் புள்ளிகள்) நான் ஆக்கிவிடும். முதல்நிலை மாடலில் மாஸ்கிங் வரம்பு இயல்பாக 0.8, அதனால் நெற்றியின் அடிப்பகுதி, பொட்டெலும்புக்கு அருகிலுள்ள பகுதி போன்ற சிக்னல் குறையும் இடங்கள் ஆளுக்கு ஆள் வெட்டுப்பட்டு வரும். வரம்பை மைனஸ் முடிவிலிக்கு இறக்கி, மூளை முகமூடியை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

உம்கேனி

நன்றி அண்ணா. நானைப் பூச்சியமாக மாற்றினால் போதாதா? முதல்நிலையை மறுபடி ஓட்டாமல் மாஸ்கை மட்டும் சமாளிக்கலாம் என்று பார்த்தேன்.

மேசைமலை

போதாது. குழு ஆய்வு செய்யும் எம்ஆர்ஐ_ஜிஎல்எம்ஃபிட் கட்டளை இயல்பாகவே 'ப்ரூன்' செய்யும்: 44 பேரில் ஒருவருக்கு மட்டும் ஒரு முனையில் பூச்சியம் இருந்தாலும் அந்த முனை முழுக் குழுவுக்கும் கழிக்கப்படும். ஒரே ஆளின் சிக்னல் இழப்பால் ஆர்பிட்டோஃப்ரான்டல் பகுதி மொத்தமும் முடிவிலிருந்து காணாமல் போகும். நோ-ப்ரூன் கொடுத்து நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம்: பூச்சியம் என்பது 'செயல்பாடு இல்லை' என்ற அளவீடாகச் சராசரியில் நுழைந்துவிடும். ஸ்மூதிங் செய்தபின் அந்தப் பூச்சியங்கள் சிறு எண்களாக மாறிவிடுவதால் ப்ரூனும் பிடிக்காது. எப்படியும் சொந்த வெளிக்காக முதல்நிலையை மறுபடி ஓட்டப்போகிறீர்கள், அங்கேயே தீர்த்துவிடுங்கள்.

லெங்காவ்_வரிசை (கேப் டவுன்)

மேசைமலை அண்ணன் சொன்ன வழி சரி. ஆனால் முதலிலிருந்து மறுபடி ஓட்டுவதாக இருந்தால் எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற முன்செயலாக்கக் கருவியையும் யோசியுங்கள். இருக்கும் ரீகான்-ஆல் அடைவுகளைச் 'சப்-' பெயரோடு அது எதிர்பார்க்கும் இடத்தில் வைத்தால் திரும்ப ஓட்டாமல் எடுத்துக்கொள்ளும். அவுட்புட்-ஸ்பேசஸ் விருப்பத்தில் எஃப்எஸ்ஆவரேஜ் என்று எழுதினால், ஒவ்வொரு ரன்னின் காலத்தொடரும் அரைக்கோளம் அரைக்கோளமாக கிஃப்டி (மேற்பரப்புத் தரவு வடிவம்) கோப்பாக வந்துவிடும். வெண்பொருள் எல்லையிலிருந்து பியல் (புறணியின் வெளி எல்லை) வரை பல ஆழங்களில் எடுத்துச் சராசரி செய்து தருகிறது. ஸ்மூதிங் செய்வதில்லை, அது உங்கள் வேலை.

கண்டெய்னர் (மென்பொருளைப் பொதியாக ஓட்டும்) வழியில் ஓட்டுபவர்கள் இவற்றைப் பாருங்கள். சிஎச்பிசி என்ற உயர்திறன் கணினி மையத்தின் லெங்காவ் போன்ற பொதுக் கணினிக் கூட்டங்களில் டாக்கர் கிடைக்காது. ஆப்டெய்னர் அல்லது சிங்குலாரிட்டி. க்ளீன்என்வ் விருப்பம் கொடுக்காவிட்டால் உங்கள் ஹோம் அடைவிலுள்ள பைத்தான் தொகுப்புகள் கண்டெய்னருக்குள் புகுந்து புரியாத பிழைகளைத் தரும். ஃப்ரீசர்ஃபர் உரிமக் கோப்பைத் தனியாக பைண்ட் செய்ய வேண்டும். எஃப்எஸ்ஆவரேஜ் அடைவு பெரும்பாலும் வெறும் சிம்லிங்க்; ஆர்சிங்கில் பெரிய எல் விருப்பம் இல்லாமல் அனுப்பினால் மறுமுனையில் உடைந்த இணைப்புதான் போய்ச் சேரும். ஐம்பது வேலைகளை ஒரே நொடியில் வரிசையில் விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே எஃப்எஸ்ஆவரேஜை நகலெடுக்கப் போட்டியிட்டுச் சில விழும். ஒரே ஒரு வேலையை முதலில் விட்டு, அந்த அடைவு உருவானபின் மற்றவற்றை விடுங்கள்.

லெங்காவில் ஒரு கணுவுக்கு 24 கோர். ஒரு ரீகான்-ஆலுக்கே 24-ஐயும் கொடுப்பது வீண். பல கட்டங்கள் ஒரே கோரில்தான் ஓடும். ஆளுக்கு நான்கு கோர், கணுவுக்கு ஆறு பேர் என்று பிபிஎஸ் வரிசை வேலையாக அனுப்புவது நல்ல கணக்கு. நினைவகம் போதுமா என்று மட்டும் முதலில் ஓரிருவரை வைத்துப் பாருங்கள்.

ஆய்வகத்து மேசைக் கணினியில் ஓட்டுகிறவர்களுக்கு: லோட்ஷெடிங்கோ உள்ளூர் மின்தடையோ நடுவில் வந்து ரீகான்-ஆல் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இஸ்ரன்னிங் என்று தொடங்கும் கோப்பு தங்கியிருக்கும், அதனால்தான் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று மறுக்கிறது. அதை அழித்துவிட்டு மேக்-ஆல் விருப்பத்தோடு மறுபடி கொடுத்தால் விட்ட இடத்தைக் கண்டு தொடரும். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியாக இருக்கலாம். பதிவுக் கோப்பின் கடைசி வரியில் எந்தக் கோப்பு எழுதப்பட்டது என்று பார்த்து அதையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் பாதிக் கோப்பையே முழுதென்று எடுத்துக்கொள்ளும்.

மேசைமலை

தம்பி, ஒரு கேள்வி. அவர்களிடம் இருப்பது 7.4.1. கண்டெய்னருக்குள் இருக்கும் ஃப்ரீசர்ஃபர் வேறு பதிப்பாக இருந்தால்?

லெங்காவ்_வரிசை

முடிந்த அடைவைத் திரும்ப ஓட்டாது என்பதால் 44 பேருக்கும் ஒரே பதிப்பில் முடிந்திருக்கும்வரை பாதகமில்லை. பாதி பேர் வெளியே, பாதி பேர் உள்ளே என்று கலந்தால்தான் கெடும். பதிப்பு, இயங்குதளம், கணினி வகை இவை மாறினாலே தடிமன் அளவு மாறுவது 2012-லேயே வெளியான ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. நோயாளிகள் ஒரு பதிப்பில், ஒப்பீட்டுக் குழு இன்னொன்றில் என்றால் நீங்கள் அளப்பது பதிப்பு வேறுபாட்டைத்தான். பில்ட்-ஸ்டாம்ப் கோப்பை எல்லாருக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

மாரிட்ஸ்பர்க்_வலை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எஃப்எம்ஆர்ஐபிரெப் வழியில் போனால் காலத்தொடரே மேற்பரப்பில் இருக்கிறது, அப்போது முதல்நிலையை எங்கே செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். நைலேர்ன் என்ற பைத்தான் தொகுப்பில் செய்யலாம். ஃப்ரீசர்ஃபரோடு வரும் எஃப்எஸ்-ஃபாஸ்டில் முழுவதையும் செய்வதாக இருந்தால் எம்கேஅனாலிசிஸ்-செஸ், செலெக்ஸ்அவ்3-செஸ், ஐஎஸ்எக்ஸ்கான்கேட்-செஸ் என்ற வரிசை. கடைசிக் கட்டளை ஆள்வாரி விளைவையும் அதன் மாறளவையும் இரண்டு தனிக் கோப்புகளாக அடுக்கித் தரும். இரண்டாவதை ஜிஎல்எம்ஃபிட்டில் டபிள்யூஎல்எஸ் விருப்பத்தில் கொடுத்தால், ஸ்கேனரில் அதிகம் அசைந்த, இரைச்சல் மிகுந்த ஆளின் எடை குறையும். எஸ்பிஎம் கான் படத்தை மட்டும் எடுத்துப்போனால் இந்தத் தகவல் பின்னால் தங்கிவிடுகிறது. 21 பேர் உள்ள குழுவில் இரண்டு இரைச்சல்காரர்கள் போதும், முடிவை இழுக்க.

உம்கேனி, தடிமனையும் செயல்பாட்டையும் ஒரே மேற்பரப்பில் என்றீர்கள். வெளியிலிருந்து யாருடைய தரவாவது சேர்க்கிறீர்களா? மெஷ் (மேற்பரப்பு வலை) பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

உம்கேனி

ஆமாம் அக்கா. கூட்டு ஆய்வாளர்களிடமிருந்து மயலின் வரைபடங்கள் வந்திருக்கின்றன, எஃப்எஸ்_எல்ஆர் 164k என்ற இன்னொரு பொது மேற்பரப்பில். முனைகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன்: 163842. எஃப்எஸ்ஆவரேஜிலும் அதுவேதான். அப்படியே சேர்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க்_வலை

சேர்க்காதீர்கள்! இந்தத் துறையில் சத்தமில்லாமல் கெடுக்கும் பொறிகளில் இதுதான் மோசமானது.

163842 என்பது இருபதுமுகியை ஏழுமுறை பிரித்தால் வரும் எண். எஃப்எஸ்ஆவரேஜும் எஃப்எஸ்_எல்ஆர் 164k-யும் அந்த ஒரே கோள வலையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் கோளத்தின் மேல் மூளை எப்படி விரிக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டிலும் வேறு. எஃப்எஸ்ஆவரேஜில் 5000-ஆம் முனை இருக்கும் இடமும் எஃப்எஸ்_எல்ஆரில் 5000-ஆம் முனை இருக்கும் இடமும் மூளையில் வெவ்வேறு இடங்கள். எண் ஒத்துப்போவதால் எந்த நிரலும் மறுக்காது. தடிமனுக்கும் மயலினுக்கும் தொடர்புக்கெழுகூடக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும், அதற்கு அர்த்தம் எதுவும் இருக்காது.

சோதிக்க எளிய வழி: வந்த தொகுப்பிலுள்ள சல்க் (பள்ள ஆழம்) கோப்பை எஃப்எஸ்ஆவரேஜின் ஊதிய மேற்பரப்பு மேல் வண்ணமாக ஏற்றுங்கள். நடுப்பள்ளம் நடுப்பள்ளத்தின் மேல் விழுகிறதா? விழவில்லை என்றால் மெஷ் வேறு. எந்தத் தரவு வெளியிலிருந்து வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த அடி வைக்கக்கூடாது.

மாற்றும் வழி வொர்க்பெஞ்ச் மென்பொருளில் இருக்கிறது: டபிள்யூபி_கமாண்டின் மெட்ரிக்-ரீசாம்பிள். இப்போதைய கோளம், புதிய கோளம் இரண்டையும் கொடுக்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். எச்சிபி (ஹியூமன் கனெக்டோம் திட்டம்) வெளியிட்டிருக்கும் ஸ்டாண்டர்ட் மெஷ் அட்லஸ் அடைவில், எஃப்எஸ்ஆவரேஜுக்குப் பொருத்திய எஃப்எஸ்_எல்ஆர் கோளங்கள் ரீசாம்பிள்_எஃப்எஸ்ஆவரேஜ் என்று பெயருள்ள உள்ளடைவில் கிடைக்கும். முறை அடாப்_பேரி_ஏரியா; இரு மெஷ்ஷின் சராசரிப் பரப்புக் கோப்புகளையும் உடன் கொடுங்கள். பகுதி எண்கள் அடங்கிய பார்சலேஷன் கோப்புக்கு மெட்ரிக் கட்டளை கூடாது, லேபிள்-ரீசாம்பிள்தான். இல்லையென்றால் 12-ஆம் பகுதிக்கும் 14-ஆம் பகுதிக்கும் நடுவே இல்லாத 13-ஆம் பகுதி முளைக்கும்.

மற்ற வலைகளும் பார்வைக்கு இருக்கட்டும். எஃப்எஸ்ஆவரேஜ்6-ல் 40962 முனை, எஃப்எஸ்ஆவரேஜ்5-ல் 10242. எஃப்எஸ்_எல்ஆர் 32k-யில் அரைக்கோளத்துக்கு 32492. சிஃப்டி (மேற்பரப்பும் உட்புறமும் சேர்ந்த) கோப்பில் நடுச்சுவரை (புறணி இல்லாத உட்பக்கம்) கழித்து இடம் 29696, வலம் 29716, உட்புறக் கருக்கள் சேர்ந்து மொத்தம் 91282. ஆஃப்னி-சூமாவின் எஸ்டிடி.141-ல் 198812, எஸ்டிடி.60-ல் 36002. இந்த எண்ணைப் பார்த்தாலே கோப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், 163842 ஒன்றைத் தவிர.

இன்னொன்று. எஃப்எஸ்_எல்ஆரில் இட வல முனைகளுக்கு ஒன்றுக்கொன்று நேர் உறவு உண்டு. எஃப்எஸ்ஆவரேஜில் கிடையாது. இட-வல வேறுபாட்டை முனைவாரியாகக் கழித்துப் பார்க்கும் ஆசை வந்தால் எஃப்எஸ்ஆவரேஜ்_சிம் வழியாகப் போக வேண்டும்.

உம்கேனி

சல்க் சோதனை செய்தேன். நடுப்பள்ளம் விழவே இல்லை. மாற்றியபின் விழுகிறது. ஆனால் மயலின் தரவு எம்எஸ்எம்ஆல் பொருத்தம் என்று எழுதியிருக்கிறது. அது பிரச்சினையா?

மாரிட்ஸ்பர்க்_வலை

கொஞ்சம். எம்எஸ்எம்ஆல் மடிப்புகளோடு மயலினையும் ஓய்வுநிலை வலையமைப்புகளையும் சேர்த்துப் பொருத்துகிறது. ஃப்ரீசர்ஃபர் மடிப்புகளை மட்டும். ரீசாம்பிள் செய்வது மெஷ்ஷை மாற்றும், பொருத்தத்தின் தத்துவத்தை மாற்றாது. மடிப்புகள் ஆளுக்கு ஆள் அதிகம் மாறும் இடங்களில், குறிப்பாக நெற்றி, மேல்பக்கப் பகுதிகளில், இரண்டும் விலகும். எம்எஸ்எம்சல்க் பொருத்தத்தில் அதே தரவு கிடைக்குமா என்று கேளுங்கள்; உங்கள் தடிமனோடு ஒப்பிட அதுதான் நெருக்கம்.

சாட்ஸ்வர்த்_மாணவி (டர்பன்)

அக்கா, அண்ணா, வணக்கம். இதே வேலையில் மாடல் கட்டத்தில் நிற்கிறேன். எஃப்எஸ்ஜிடி என்ற குழு விவரக் கோப்பில் இரண்டு வகுப்பு, வயதும் மண்டைக்குள் கனஅளவும் மாறிகள். முதலில் வகுப்புப் பெயர் தெரியவில்லை என்று நின்றது, பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டியதும் மேட்ரிக்ஸ் இல்-கண்டிஷன்ட் என்கிறது. குழு வேறுபாட்டுக்கு 1 -1 0 என்று கான்ட்ராஸ்ட் எழுதினால் நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தவில்லை என்கிறது.

மேசைமலை

மூன்றுக்கும் காரணம் தனித்தனி.

முதல் பிழை, எக்செலில் கோப்பைச் சேமித்திருப்பீர்கள். விண்டோஸ் வரிமுடிவு எழுத்து வகுப்புப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினால் போய்விடும்.

இரண்டாவது அளவுகோல். மண்டைக்குள் கனஅளவு கன மி.மீ.-ல் 15 லட்சம் பக்கம். வயது 30, 40. ஒரே அணியில் இவ்வளவு வித்தியாசமான எண்கள் இருந்தால் கண்டிஷன் எண் வானளாவும். லிட்டராக மாற்றுங்கள் அல்லது சராசரியைக் கழித்து நியமவிலகலால் வகுங்கள். அதோடு, தடிமனுக்கு அந்த மாறியே பெரும்பாலும் வேண்டியதில்லை. பரப்புக்கும் கனஅளவுக்கும்தான் தேவை.

மூன்றாவது, டாட்ஸ் முறையில் ஒவ்வொரு மாறிக்கும் வகுப்புக்கு ஒரு சரிவு. நெடுவரிசை = வகுப்புகள் × (மாறிகள் + 1). வயது மட்டும் இருந்தால் நான்கு: இரண்டு வெட்டு, இரண்டு சரிவு. குழு வேறுபாடு 1 -1 0 0. சரிவு வேறுபாடு 0 0 1 -1. டாஸ் முறையில் சரிவு பொதுவானது, மூன்றே நெடுவரிசை, அங்கேதான் 1 -1 0. முதலில் டாட்ஸில் சரிவு வேறுபாட்டைப் பாருங்கள். எங்கும் இல்லையென்றால் டாஸுக்குப் போய்க் குழு வேறுபாட்டைப் பாருங்கள். டாட்ஸிலேயே நின்று, வயதிலிருந்து சராசரியைக் கழிக்காமல் 1 -1 0 0 கொடுத்தால், அது பூச்சிய வயதில் இரு குழுக்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறது. 25 முதல் 60 வயதினரின் தரவில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சராசரியைக் கழிக்கும்போது இரு குழுக்களையும் சேர்த்த பொதுச் சராசரியைக் கழியுங்கள்; குழுவாரியாகக் கழித்தால் வயது வேறுபாட்டை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

லெங்காவ்_வரிசை

பல முனைகளைச் சோதிப்பதற்கான புள்ளியியல் திருத்தம் பற்றி: ஜிஎல்எம்ஃபிட்-சிம்-ல் கேஷ் விருப்பம் முன்பே ஓட்டிவைத்த கவுசியன் மான்டி கார்லோ. நொடிகளில் முடியும். ஆனால் க்ரீவும் ஃபிஷலும் 2018-ல் காட்டியது இதுதான்: தளர்வான வரம்பில் இந்த முறை தவறான நேர்முடிவுகளை அளவுக்கு மீறித் தருகிறது, பெர்முட்டேஷன் (தரவைக் கலைத்துக் கலைத்துச் சோதிப்பது) கட்டுக்குள் வைக்கிறது. வால்யூம் ஆய்வுகளுக்கு 2016-ல் எக்லண்ட் குழு எழுப்பிய அதே கேள்விதான். வரம்பு எண் பற்றி ஒரு நினைவூட்டல்: ஃப்ரீசர்ஃபரில் அது மைனஸ் லாக்10. 1.3 என்றால் 0.05, 2 என்றால் 0.01, 3 என்றால் 0.001. 1.3-ல் கேஷ் கொடுத்து வந்த பெரிய பெரிய கொத்துகளை நான் நம்பமாட்டேன்.

பெர்முட்டேஷனுக்கான பெர்ம் விருப்பம் செங்குத்து (ஆர்த்தோகனல்) வடிவமைப்புகளுக்கு மட்டும். வயது போன்ற தொடர்மாறி இருந்தால் மறுக்கும். பெர்ம்-ஃபோர்ஸ் கொடுத்து மீறலாம், செய்யாதீர்கள். அந்த இடத்தில் பால்ம் என்ற பெர்முட்டேஷன் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்லேப் இல்லாவிட்டால் ஆக்டேவில் ஓடும். எம்ஆர்ஐஎஸ்_ப்ரீப்ராக் அடுக்கித் தந்த கோப்பே உள்ளீடு, மேற்பரப்பு விருப்பத்தில் எஃப்எஸ்ஆவரேஜின் ஒயிட் மேற்பரப்பும் அதன் சராசரிப் பரப்புக் கோப்பும், டிஎஃப்சிஇ2டி (கொத்து வரம்பு தேவைப்படாத முறை) விருப்பமும். ஜிஎல்எம்ஃபிட் அடைவிலுள்ள மாஸ்க் கோப்பையே முகமூடியாகக் கொடுத்தால் நடுச்சுவர் தானாக விலகும். இணைமாறிகளை ஃப்ரீட்மன்-லேன் முறையில் கையாளும். குடும்பத்தினர், உடன்பிறந்தோர் தரவில் இருந்தால் பரிமாற்றத் தொகுதிக் கோப்பு கட்டாயம்.

இரண்டு அரைக்கோளத்தையும் தனித்தனியாகச் சோதித்திருப்பதால் கேஷ் வழியானாலும் பெர்ம் வழியானாலும் 2ஸ்பேசஸ் மறக்க வேண்டாம். உட்புறக் கருக்களும் சேர்ந்தால் 3ஸ்பேசஸ்.

உம்கேனி

ஸ்மூதிங் எவ்வளவு? எஸ்பிஎம்-ல் 8 கொடுத்தோம் என்பதால் இங்கேயும் 8?

மேசைமலை

இரண்டும் ஒரே 8 இல்லை. மேற்பரப்பில் 8 மி.மீ. பள்ளத்தைத் தாண்டிப் போகாது. 3 மி.மீ. வாக்ஸல் செயல்பாட்டுக்கு 5 முதல் 8, தடிமனுக்கு 10 வழக்கம். 10-க்குப் பதில் 15 என்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் தரவைப் பார்க்கும் முன் முடிவு செய்யுங்கள். கேஷ் திருத்தம் நீங்கள் கொடுத்த எண்ணை எடுப்பதில்லை, எச்சத்திலிருந்து அளந்த மென்மையை எடுக்கிறது. எஃப்டபிள்யூஎச்எம் (மென்மை அளவு) கோப்பில் 10 கொடுத்த இடத்தில் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம், தரவுக்கே சொந்த மென்மை உண்டு.

வரிசையும் முக்கியம்: ஆளின் சொந்த மேற்பரப்பில் எடுத்து, எஃப்எஸ்ஆவரேஜுக்குக் கொண்டுவந்து, அங்கே ஸ்மூத் செய்யுங்கள். சர்ஃப்2சர்ஃப்-ல் கார்டெக்ஸ் விருப்பம் இல்லாவிட்டால் நடுச்சுவரின் பொருளற்ற எண்கள் சிங்குலேட்டுக்குள் கசியும். வால்2சர்ஃப்-ல் ஆழத்துக்கு ப்ரொஜ்ஃப்ராக்-ஆவரேஜ் 0.2 முதல் 0.8 வரை 0.1 படியில் எடுக்கிறேன். 1 வரை போனால் மூளை மேற்பரப்பு இரத்தநாளங்களின் சிக்னல் சேரும்.

மாரிட்ஸ்பர்க்_வலை

தடிமன் பக்கத்தை இவ்வளவு நேரம் யாரும் தொடவில்லை. செயல்பாட்டுக்கு எவ்வளவு கவனமோ அதைவிட அதிகம் அங்கே வேண்டும்.

தலை அசைவு தடிமனைக் குறைத்துக் காட்டும். நோயாளிக் குழு சற்று அதிகம் அசைந்தால் போதும், புறணி மெலிந்ததுபோல் அழகான வரைபடம் வரும். டி1-க்கு அசைவு அளவு கிடைப்பதில்லை என்பதால் ஆய்லர் எண்ணைப் பதிலியாக எடுங்கள்: ஆரிஜ்.நோஃபிக்ஸ் மேற்பரப்பில் எம்ஆர்ஐஎஸ்_ஆய்லர்_நம்பர். மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு ஓட்டைகள். இரு குழுக்களின் ஆய்லர் எண்களையும் முதலில் ஒப்பிடுங்கள். அங்கேயே வேறுபாடு இருந்தால் தடிமன் முடிவை எழுதும்முன் நிறைய யோசிக்க வேண்டும்.

கையால் திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. பியல் கோடு டியூராவுக்குள் (வெளி மூளையுறை) போனால் பிரெய்ன்மாஸ்கை அழித்து ஆட்டோரீகான்-பியல்; வெண்பொருள் விட்டுப்போனால் கன்ட்ரோல் பாயின்ட் வைத்து ஆட்டோரீகான்2-சிபி, ஆட்டோரீகான்3. பொட்டு முனையில் கன்ட்ரோல் பாயின்ட்டுகளை அள்ளிப் போடாதீர்கள், சாம்பல்பொருளையும் வெண்பொருளாக்கிவிடும். திருத்தம் செய்தபின் பிபிரெஜிஸ்டரையும் மறுபடி ஓட்ட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்: மேற்பரப்பு நகர்ந்துவிட்டது, செயல்பாடு பழைய மேற்பரப்பிலிருந்து எடுத்ததாகவே நிற்கும்.

நம் நாட்டுத் தரவில் காசநோய் மூளையுறை அழற்சிக்குப் பின் நீர்த்தேக்கம் உள்ளவர்கள் வருவதுண்டு. பெரிய வென்ட்ரிக்கிள் இருந்தால் பிக்வென்ட்ரிக்கிள்ஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். பர்ள் பகுதியின் டிராக்கன்ஸ்டைன் ஆய்வு போலச் சிறு குழந்தைகளின் படங்கள் என்றால் சாதாரண ரீகான்-ஆல் கூடாது. முதல் ஆண்டுகளில் சாம்பல், வெண்பொருள் மாறுபாடே வேறு. அதற்குத் தனியாக இன்ஃபன்ட்_ரீகான்_ஆல் இருக்கிறது.

லெங்காவ்_வரிசை

போப்பியா (தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்துக்காகப் படத்திலிருந்து முகத்தை நீக்குபவர்களுக்கு: ரீகான்-ஆலை நிறுவனத்துக்குள் முழுப் படத்தில் ஓட்டிவிட்டு, வெளியே பகிரும் நகலில் முகத்தை நீக்குங்கள். முகம் நீக்கிய படத்தில் ஓட்டினால் மண்டையோடு நீக்கும் கட்டம் சிலருக்குத் தடுமாறும். பகிரும்போது டி1 அடைவை மட்டும் சுத்தம் செய்து, ஃப்ரீசர்ஃபர் அடைவிலுள்ள ஆரிஜ், ராஆவ்ஜ், டி1 கோப்புகளை முகத்தோடேயே அனுப்பிவிடாதீர்கள். குழு ஆய்வுக்கு சர்ஃப், லேபிள், ஸ்டாட்ஸ் அடைவுகளே போதும்.

உம்கேனி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பால்ம் முடிவை வொர்க்பெஞ்சில் திறந்து மயலின் பக்கத்தில் காட்டப் பார்க்கிறேன். ஃப்ரீசர்ஃபரின் எம்ஜிஎச் கோப்பை எம்ஆர்ஐ_கன்வெர்ட்டால் கிஃப்டியாக மாற்றினேன். கோப்பு திறக்கும்போது எந்த அமைப்பு என்று தெரியவில்லை என்கிறது.

மாரிட்ஸ்பர்க்_வலை

மாற்றிய கிஃப்டிக்குள் இடமா வலமா என்ற குறிப்பு இருக்காது. டபிள்யூபி_கமாண்டில் செட்-ஸ்ட்ரக்சர் கொடுத்து கார்டெக்ஸ்_லெஃப்ட் அல்லது கார்டெக்ஸ்_ரைட் என்று எழுதிவிடுங்கள். பெயரில் ஃபங்க் கிஐஐ என்ற பின்னொட்டு இருக்க வேண்டும். ஒரே காட்சியில் மயலினோடு காட்ட, பால்ம் முடிவையும் அதே எஃப்எஸ்_எல்ஆர் கோளத்துக்கு மாற்றியபின் ஏற்றுங்கள். அல்லது மயலினை எஃப்எஸ்ஆவரேஜில் வைத்து, எஃப்எஸ்ஆவரேஜின் ஊதிய மேற்பரப்பை எம்ஆர்ஐஎஸ்_கன்வெர்ட்டால் கிஃப்டியாக்கி அதன்மேல் இரண்டையும் காட்டுங்கள். பி மதிப்பை வரம்பிட்டபின் ரீசாம்பிள் செய்யாதீர்கள், கொத்தின் ஓரம் கரைந்து அளவு மாறும். வரம்பிடாத புள்ளியியல் படத்தை மாற்றிவிட்டு, கொத்தின் எல்லையை லேபிளாகத் தனியாக மாற்றி மேலே கோடாக வரையுங்கள்.